கடலைக் கழுவும் நாள்

பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்தில்
ஒரு தானியங்கிக் குளிர்பானப் பெட்டியும்
நாற்பது படிகளும் இருந்தன.
மேலே, சீட்டுக் கொடுக்கும் சாளரத்துக்குள்ளிருந்து
தொகியே இரு கைகளையும் பெருக்கல் குறியாக்கினாள்:
இன்று தோட்டம் இல்லை.

இல்லையென்றால்?
அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

கறுத்த ஈரத் தரை.
அதில் பதினொரு பாறைகள்,
பல் பிடுங்கியவன் வாயில் மிச்சமிருப்பவைபோல.
வெள்ளைப் பரல்களெல்லாம்
நீலத் தார்ப்பாயில் குன்றாய்க் குவிந்திருக்க
ஏழெட்டுப் பேர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுச்
சல்லடைகளோடு குனிந்திருந்தார்கள்.
நடுவே ஒரு ரப்பர் குழாய்
யாரும் பிடிக்காமல் தானாகத் துள்ளியது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை
கடலைக் கழுவுகிறோம் என்றாள்.
என் கைபேசி அதைக்
'கடல் குளிக்கிறது' என்று மொழிபெயர்த்தது.
அதையும் நம்பினேன்.

சும்மா நிற்பவன் கையில்
யாரோ ஒரு சல்லடையைத் திணித்தார்கள்.

அரிசியில் கல் பொறுக்கத் தெரியும் எனக்கு.
இங்கே கல்லில் பொறுக்க வேண்டியிருந்தது:
இலைக்காம்பு, பாசி, பூச்சிச் சிறகு,
மூக்குக்கண்ணாடியிலிருந்து கழன்ற ஒரு திருகு.
களைந்த நீர் வெளுத்துப்போய்
மூங்கில் புதருக்குள் ஓடியது.
உலை வைக்கத்தான் ஆளில்லை.

பக்கத்தில் இசோகாயி.
இந்த மலைப்பாதையில் முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவர்.
எத்தனையோ பேரைத் தியானத்துக்கு இறக்கிவிட்டேன்,
எனக்கு வண்டியைத் திருப்பவே நேரம் சரியாயிருக்கும் என்றார்.
நான்கு சல்லடைக்கு ஒருமுறை
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து
படிகளுக்குக் கீழே சாலையைப் பார்த்தார்.
பாறைகளைப் பார்க்கவில்லை.

மதியம் கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டை.
உள்ளே உப்பில் ஊறிய பிளம்.
கொட்டை பல்லில் இடற
கல்லென்று துப்பப் போனேன்.
அத்தனை பேரும் சிரித்தார்கள்,
சிரிக்க மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பரல்களைப் பரப்பி முடித்தபோது மூன்று மணி.
துறவி ஜிகோ வாருகோலோடு இறங்கினார்.
பெரிய பாறையைச் சுற்றி எத்தனை அலை?
ஆறு என்றார் அவர்.
ஏழு என்றாள் தொகியே.
இசோகாயி பேச்சில் கலந்துகொள்ளவில்லை,
அவர்தான் பார்த்ததே இல்லையே.
கடைசியில் என் சீட்டை வாங்கி
அதில் அச்சாகியிருந்த படத்தை எண்ணினார்கள்.
எட்டு.
அது என் மாமியார் காலத்துப் படம் என்று
தொகியே திருப்பித் தந்துவிட்டாள்.

ஜிகோ பின்னால் நடந்தபடியே இழுத்தார்.
வாருகோலின் பல் பட்ட இடமெல்லாம்
பரல்கள் நறநறவென்று முனகி
வரிசைக்கு வந்தன.
நான் எண்ணத் தொடங்கியபோது
ஐந்தரைப் பேருந்து வளைவில் ஒலியெழுப்பியது.
'சீக்கிரம், அந்த ஓட்டுநர் காத்திருக்க மாட்டான்,
நான்தான் பழக்கினேன்' என்று
இசோகாயி என்னைப் படிவரை தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கியோட்டோவில்
புகழ்பெற்ற வேறொரு தோட்டம்.
காலணிகள் வெளியே. பேச்சு கூடாது.
ஒரு பரல்கூடப் புரளாத வெண்மை.
எனக்கு முன்னால் நாற்பது முதுகுகள்
அசையாமல் அமர்ந்திருந்தன.
நகக்கண்ணில் இன்னும் பாசி.
நானும் முதுகை நிமிர்த்தி, கண்ணைத் தாழ்த்தி,
வெகுநேரம் ஆழ்ந்து யோசித்தேன்,

ரப்பர் குழாயை
எங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்று.