பதின்மூன்றரை

நான்காவது சீட்டையும் கழற்றி
சமையலறை மேசையில் வைத்தாள் வீட்ஸ்கெ.
ஒன்று ஜெல். இருபது நிமிடத்துக்கு மட்டும் மெத்தை.
ஒன்று நடுவே பிளந்தது.
ஒன்றின் மேல் ஊதாப்பூ அச்சடித்து
'பெண்களுக்கு' என்று போட்டிருந்தார்கள்.
பூவுக்கா வலி?

குரோனிங்கன் எதிர்காற்றில்
நடுராத்திரிப் பிரசவங்களுக்கு மிதித்துப் போகிறவள்.
பத்தொன்பது வருடமாய்
அடுத்தவர் இடுப்பெலும்பின் அகலம்
விரல்நுனியில் தெரிந்தவள்.
அவளுடையதை யாரும் கேட்டதில்லை.
அவளும்தான்.

சைக்கிள் கடை யெல்ட்யெ
ஸ்டூலில் ஒரு நெளிவட்டையைப் போட்டு
"உட்கார். கொஞ்சம் குனி. ம், எழுந்திரு" என்றாள்.
அட்டையில் இரண்டு பள்ளங்கள்.
பென்சிலால் வட்டமிட்டு ஸ்கேல் வைத்தாள்:
பதின்மூன்றரை சென்டிமீட்டர்.
"இவ்வளவுதானா நான்?"
"உட்காருகிற நீ, இவ்வளவுதான்."

கிடைத்தது கறுப்பு, கட்டாந்தரை மாதிரி.
மூக்கை இம்மியளவு தாழ்த்தி
திருகை முடுக்கிக் கொடுத்தாள் யெல்ட்யெ.
அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள் இவள்,
எதற்கென்று தெரியாமல்.

மூன்றாம் நாள் விடியலில்
ஹோக்கெர்க் வரை போய்
ஒருத்தியின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு
வீடு வந்து பூட்டும்போதுதான்
சீட் ஞாபகமே வந்தது.