மூச்சு ஓட்டை

கொழும்பிலிருந்து சாக்கில் வரும் லைற்றுகளுக்கு
முகம் நன்றாய்த்தான் இருக்கும்.
பின்பக்கம் திருப்பினால் தெரியும்:
காது முறிந்த இடம், எலி கரண்டிய இடம்,
வேறு பல்ப் செருகலாமென்று
யாரோ அவசரத்தில் துளைத்துவிட்டு
கைவிட்ட இடம்.

புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து
பரந்தன் பக்கமாய் மூன்றாவது கடை.
பெயர்ப்பலகை இல்லை.
'லைற் அடைக்கிற பொம்பிளை' என்றால்
ஓட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

நுளம்புத்திரி ஒரு துண்டு கொளுத்தி
உள்ளே வைத்து வாயைப் பொத்துவேன்.
கண்ணுக்குப் பிடிபடாத வெடிப்பிலும்
புகை நூலாய்க் கசியும்.
சோக்கால் சுற்றி வட்டம் போடுவேன்.

பிளாஸ்ரிக்குக்கும் சாதி உண்டு.
பம்பர்த் துண்டு ஏற்கும் இடத்தில்
நிவாரண வாளித் துண்டு ஒட்டாது.
உருகும்போது சேர்ந்ததுபோல் பாவனை காட்டி
ஆறியதும் உரிந்து வரும்,
பந்தியில் கோபித்தெழுந்த சம்பந்தி மாதிரி.
பொருந்தியதை அயனால் உருக்கி
கம்பிவலை பதித்து, மேலே சிலிக்கன்.
ஒரு நாள் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவேன்.
தொடுவார்கள். விரலடையாளம் பதிந்திருக்கும்.

யூட்சனின் டொல்ஃபின் வானுக்கு
வலப்பக்க ஹெட்லைற்.
சோக்கில் ஏழு வட்டம்.
இரண்டு மணிக்கு முல்லைத்தீவில் மீன் ஏற்றி
விடியமுன் வவுனியா சேரவேண்டும் அவனுக்கு.
ஒற்றை லைற்றோடு போனால்
ஒட்டுசுட்டான் காட்டு யானை
மோட்டார்சைக்கிள் என்று நினைத்துவிடுமாம்.
ஏழையும் அடைத்தேன்.
தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்தேன்.
ஒரு குமிழி வரவில்லை.
அன்றைக்குக் கொஞ்சம் கர்வத்தோடுதான்
கடை பூட்டினேன்.

கார்த்திகை மழையில் திரும்பி வந்தான்.
லைற்றைக் கழற்றி மேசையில் வைத்தான்.
கண்ணாடி முழுக்க உள்ளே வியர்த்து
அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்.
அதற்குள் ஒரு புழு நெளிந்தது.
'எங்காலை போனது அக்கா?'

சூட்டில் காற்று பருத்து
பல்ப் றப்பரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.
மழை பட்டுக் குளிர்ந்ததும்
போன காற்றுக்குப் பதில்
அதே இடுக்கால் தண்ணீரை உறிஞ்சியிருக்கும்.
இதை அவனுக்குச் சொல்லுமுன்
எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

ஏழாவது ஒட்டைச் சுரண்டினேன்.
கீழ்நோக்கிய மூலையில்,
விளிம்பு வழவழப்பாய், சிறு உதடு வைத்து
கொம்பனியே விட்ட ஓட்டை அது.
கவனித்திருக்கலாம்.
மீளக்குடியேறிய முதல் இரண்டு வருடம்
இந்த மேசைக்கு வந்ததெல்லாம் உள்ளூர் லைற்றுகள்.
ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் போன
வட்ட ஓட்டைகள்.
கொண்டுவந்தவரும் சொல்லவில்லை,
நானும் விலையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.
வட்டமாய்க் கண்டால் அடைத்துவிட
அப்போதே கை பழகிவிட்டது.

சைக்கிள் கம்பியைச் சுடவைத்துத் துளைத்தேன்.
வால்வ் றியூப் ஒரு அங்குலம் வெட்டி
நிலம் பார்க்க வளைத்துச் செருகினேன்.
'இனித் தண்ணி போகாதோ?'
'ஈரம் போகும். வெளியாலையும் வரும்.'
நம்பாமல்தான் எடுத்துப் போனான்.
காசு வேண்டாமென்றேன்;
ஒரு பாரையைச் சீலைப்பையில் கட்டி
கதவுக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போனான்.

மீனை இன்னும் வெட்டவில்லை.
கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
கொழும்புச் சாக்கில் வந்தவை முப்பத்தொன்று.
ஒரு பட்டா. இரண்டு பஸ்.
விசுவமடுப் பாலர் பள்ளி வான்.
கிராம அலுவலரின் மோட்டார்சைக்கிள்.
எத்தனைக்கு மூச்சை அடைத்தேனோ.
பாதி நம்பர் வேலை செய்யாது,
ஒன்றில் வேறு யாரோ சிங்களத்தில் பேசுவார்கள்.
மழை விடுகிற மாதிரி இல்லை.
பள்ளி வானுக்கு முதலில் அடிக்கிறேன்.
மணி போகிறது.