மற்றவை

மூலனூருக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டில்
சித்திரை வெயிலில், பத்தரை மணிக்கு,
சங்கிலியோடு இறங்கினேன்.
சர்வே கல்லைக் காணோம்.
வேலி இருந்தது. இலை ஒன்றுகூட இல்லாமல்
கோணல்மாணலாய்க் கிளுவை.

"எங்கய்யன் காலத்துல அக்கட்டால நின்னுதுங்க"
என்றார் சென்னியப்பன்.
"அப்ப அது நடந்து வந்துதாக்கு?"
வேலிக்கு அந்தப்புறமிருந்து குழந்தைவேலு.
இருவருக்கும் ஒரே மூக்கு.

செத்துவிட்டதோ என்று
நகத்தால் ஒரு கிளையைக் கீறினேன்.
பட்டை எண்ணெய்த் தாளாய் உரிந்தது.
அடியில் பச்சை.
இலையை உதிர்த்துவிட்டுத்
தண்டாலேயே வெயிலைச் சமைத்துத் தின்கிறது.
கீறலில் பிசின் கசிந்தது,
சோறு உண்ணும்போதும் விரல் மணத்தது.

படித்தது தாவரவியல், கிடைத்த வேலை நில அளவை.
ரோஜாவின் முள் தோலோடு சரி,
கட்டைவிரலால் தள்ளினால் கழன்றுவிடும்.
கிளுவைக்கு அப்படியில்லை.
நீளப் புறப்பட்ட கிளைதான்
போதுமென்று ஓரிடத்தில் நின்று
நின்ற இடத்தில் கூர்ந்துவிட்டது.
மழை விழுந்தால்
அந்த முள்ளின் மேலேயே
மும்மூன்றாய் இலை வைக்கும்.

விதைகூட வேண்டாம் இதற்கு.
சந்து விழுந்த இடத்தில்
ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும்.
ஊன்றுகிற கை யாருடையதோ
அவருக்கு அரைச்சாண் கூடுதலாக விழும்.
ஒரு வருஷம் கிழக்கே,
மறு வருஷம் மேற்கே.
ஆமாம், வேலி நடந்துதான் வந்திருக்கிறது,
சந்தையில் குடித்துவிட்டு வருகிறவன் போல.

உச்சிவேளையில் கல் கிடைத்தது.
மூன்று தூர்கள் சேர்ந்து விழுங்கியதுபோக
மண்டை மட்டும் வெளியே.
அதன்மேல் ஓர் ஓணான்.
"எண்ணைப் படிக்கணும்னா வெட்டணுமே" என்றேன்.
"வெட்டாதீங்க!"
இரண்டு பக்கமும் ஒரே குரல்.
"ஆடு அக்கட்டால போயிருமுங்க."
யாருடைய ஆடு என்று கேட்கவில்லை.
சென்னியப்பன் சொம்புத் தண்ணீரை
முள்ளுக்கு மேலாக நீட்டினார்.
எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.
குழந்தைவேலு வாங்கிக் குடித்தார்.

படிவத்தில் எல்லைக்குறி என்ற இடத்தில்
கல், சுவர், கம்பி, மற்றவை.
மற்றவையில் எழுதினேன்:
கிளுவை, உயிரோடு.

ஒன்பது நாள் கழித்துத்
தாராபுரத்திலிருந்து திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு:
'உயிரோடு' என்றால்
எத்தனை மீட்டர்?