கடலைத் தூக்கிவிட்டு உள்ளே வரவும்

மாடி அறை இருபத்திரண்டடிக்குப் பதினொன்று.
துணிக்கடைப் பில்லின் முதுகில்
பெல்சி கணக்குப் போட்டாள்:
குழித்துறையிலிருந்து கன்னியாகுமரி
நாற்பத்தைந்து சொச்சம் கிலோமீட்டர்.
எண்பத்தேழால் வகுத்தால்
அரைக் கிலோமீட்டருக்கு மேலே வரும்.
"பக்கத்து ரப்பர் விளையையும் வாங்கிச்
சுவரை இடிச்சா ஒருவேளை" என்றேன்.
அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஊர்கள் போகத் தொடங்கின.
பள்ளியாடி போயிற்று.
நாகர்கோவில் டவுன் ஜங்ஷனுக்குள் கரைந்தது.
இரணியலுக்கு ஒரே ஒரு நடைமேடை,
அதுவும் வளைவில்.
வீராணி ஆளூரின் மேல் அவள் கோடு இழுத்தபோது
மேசை அடிக்க வந்திருந்த தாணு ஆசாரி
உளியைக் கீழே வைத்தார்.
"நான் ஆளூர்க்காரனாக்கும்."
வேறெதுவும் சொல்லவில்லை.
போட்ட சாயா ஆடை கட்டிக் கிடந்தது.

மூன்றாம் நாள்
வரைபடத்தில் பதினோரு அங்குலம் முளைத்தது.
வண்டி நிற்காது, பெயர்ப்பலகை உண்டு
என்று உடன்படிக்கை.
அதற்கப்புறம்தான் ஆணி இறங்கியது.

ரப்பர் மரம் வேண்டாம், இடவப்பாதிக்கு ஊதிப்போகும்
என்று சொன்னவரும் அவர்தான்.
திக்கணங்கோட்டில் இடித்த வீடொன்றின்
அயினிக் கதவுகள் நான்கு வந்தன.
அவற்றில் ஒன்றின் சாவித்துளை
இப்போது குகைக்குள் இருக்கிறது,
யார் கண்ணிலும் படாமல்.

தமாமில் பதினாறு வருஷம்
குளிர்கிடங்குகளுக்கு வயர் இழுத்தவன் நான்.
இங்கே அயினிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்,
வாயில் இரண்டு கிளிப்,
நெற்றியில் சொட்டும் ஈயத்துக்குப் பயந்து.
மேலேயிருந்து குரல் வரும்:
"ஜங்ஷன் மூணாம் நம்பர் செத்துக் கிடக்கு."
"பச்சை வயரா, நீலமா?"
"எனக்கெப்படித் தெரியும், நான் மேலயில்லா நிக்கேன்."

எல்லாம் பொருந்தி வந்தபோது
கடல் சரியாக வாசலில் வந்து விழுந்தது.
வேறு வழியில்லை.
ஏழடி நீலப் பலகைக்குக் கீல் வைத்தோம்.
சாப்பாட்டுக்குக் கூப்பிட வருபவர்களும்
மீட்டர் பார்க்க வருபவரும்
கடலைத் தூக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.
தூக்கினால் பாறைகள் செங்குத்தாக நிற்கும்.
படகுகளை ஒட்டிவைத்திருக்கிறாள், விழாது.

தப்பு நடந்தது ஜல்லியில்.
மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து
ஸ்கூட்டர் காலடியில் ஒரு பை கரிமணல்.
அளவு அச்சு அசல், எண்பத்தேழில் ஒன்று.
தண்டவாளத்தின் இருபுறமும் பசை வைத்து
பதினெட்டு ராத்திரி பரப்பினாள்.
முதல் ஓட்டத்தில்
சுசீந்திரம் தாண்டியதும் எஞ்சின் முனகி நின்றது.
கவிழ்த்துப் பார்த்தால்
மோட்டார்க் காந்தத்தில்
கறுப்பாய், மீசை மாதிரி.

அவள் அழவில்லை.
ஒரு வாரம் மாடிக்கே போகவில்லை என்பது வேறு.
பிறகு வெந்நீர், பல்துலக்கும் பிரஷ்,
பழைய வாக்குவம்.
உரித்தெடுத்த மணலைத் தூக்கிப்போட மனமில்லாமல்
பாதைக்கு எட்டாத தூரத்தில்,
பலகைக் கடலின் விளிம்பில் தூவினாள்.
கடைசியில் அது கரையில்தான் போய்ச் சேர்ந்தது.

"கன்னியாகுமரியைச் சுத்தி
அடிவழியா ஒரு வளையம் விட்டா
வண்டி நிக்காம ஓடிக்கிட்டே இருக்குமே" என்றேன்.
"அங்க பாதை முடியும்" என்றாள்.
"எஞ்சினைக் கழத்தி மறுதலைல மாட்டணும்.
அந்த ஒம்பது நிமிஷத்துக்காகத்தான்
இவ்வளவும் கட்டுனேன்."

நேற்று சாயங்காலம் திறப்பு.
தாணு ஆசாரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து
கடலைத் தாமே தூக்கிக்கொண்டார்.
குழித்துறையில் விளக்கு எரிந்தது,
குகை விழுங்கியது, துப்பியது,
இரணியல், வளைவு,
அப்புறம் கரண்ட் போயிற்று.

இருட்டில் மூன்று பேர்.
வெளியே தென்னையில் மழை.
செல்போன் வெளிச்சத்தை ஆசாரி மேசைமேல் நகர்த்தினார்.
பெட்டிகள் ஐந்தும்
பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே.
யாருக்கோ போன் போட்டார்.
"ஆமாடே, வண்டி நிக்குது.
ஆளூர்லதான். நான் பாத்துக்கிட்டுல்லா நிக்கேன்."