ஒரு சாண் வெயில்

கஸ்பாவில் எங்கள் ஒற்றை அறைக்கு
ஒரே ஜன்னல்.
மாடி, வீட்டுக்காரருடையது.
ராணிப்பேட்டையில் நைட் ஷிப்டு முடித்து
இவர் வந்து படுக்கிற நேரம்தான்
வெயிலும் வரும்.

ஃப்ரிட்ஜ் மேல் முட்டை அட்டை.
குழிக்கு ஒன்றாய்ப் போட்டதில்
முளைத்தது ஆறு,
இலவம்பாடி முள்ளுக்கத்திரி.
போர்வை தொங்கும் ஜன்னலைப் பார்த்துக்
கழுத்து நீட்டி
நூலாய் வெளிறிச் சாய்கின்றன.

போர்வையை ஒரு சாண் விலக்கினேன்.
வெளிச்சம் நேரே இவர் கண்ணில்.
திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் குடத்தோடு உள்ளே வந்தால்
தலையணை கதவுப் பக்கம்,
கால் ஜன்னல் பக்கம்.
இரண்டு பாதத்துக்கும் நடுவில்
முட்டை அட்டை.

உதைத்துவிடுவாரோ என்று
தண்ணீரை இறக்காமல் நின்றேன்.
பெருவிரல் நகத்தில் தோல்ஷாப்பு நீலம்.
அசையவே இல்லை.