அலைன்

கல்யாணிலிருந்து 5.52 ஸ்லோ.
கடைசிப் பெட்டியின் கடைசி அறையில் நான்.
பன்னிரண்டு பெட்டி தள்ளி, முன்னால், காம்ப்ளே.
நான் இரண்டு மணி அடித்தால் கிளம்பலாம்.
அவர் இரண்டு திருப்பி அடித்தால் கேட்டது.
முகம் பார்த்துப் பேசியதைவிட
மணியில் பேசியதுதான் அதிகம்.

லீவு படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்.
கல்யாணம், சாவு, ஆபரேஷன் என்றால்
எழுதுவது சுலபம்.
'ஜெர்மனி, பன்னிரண்டு நாள்' என்று எழுதினேன்.
யாரோடு என்று மராத்தியில் கேட்டார்கள்,
இந்தியில் கேட்டார்கள்,
சயான் கோலிவாடா வீட்டில்
அம்மா தமிழில் கேட்கவேயில்லை,
குக்கரைச் சத்தமாக வைத்தாள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ரொட்டி விற்றவள்
என் பையைப் பார்த்து, பின்னால் பார்த்து,
'அலைன்?' என்றாள்.
தனியாகவா என்று அர்த்தமாம்.
எனக்கு அது பழைய வசவு.
ஊர் மேல அலையாதடி,
பொட்டச்சிக்கு என்ன அலைச்சல்.
ஆமாம், அலைன் என்றேன்,
இரண்டு அர்த்தத்திலும்.

கொலோனில் செர்க்கான்
ரொட்டிக்குள் கறியை மடித்து
மிளகாய்த் தூளைச் சிட்டிகையாய்த் தூவினான்.
இன்னும் என்று கை காட்டினேன்.
இன்னும்.
உள்ளேயிருந்த இருவரைக் கூப்பிட்டு
நான் தின்பதை வேடிக்கை பார்க்க வைத்தான்.
காசு வாங்கினான், அதையும் சொல்லவேண்டும்.

லைப்சிக்கில் நள்ளிரவு.
சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.
நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பு.
நான் காலை எடுத்து வைத்தேன்,
பக்கத்தில் நின்றவள் தொண்டையைச் செருமினாள்.
சிவப்பைத் தாண்டினால் சோறு போகும் தொழில் எனக்கு,
காது சுட்டது.
இருவரும் காலித் தெருவுக்கு மரியாதையாக நின்றோம்.
பச்சை விழுந்ததும் குட் நைட் சொல்லிவிட்டுப் போனாள்.

காசலில் வண்டி எழுபது நிமிடம் தாமதம்.
ஜெர்மன் ரயிலைப் பார்த்து
கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று
சொன்ன மனிதனைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அடுத்த பிளாட்பாரத்து வண்டியின் கண்டக்டர்
கீழே இறங்கிப் புகைத்துக்கொண்டிருந்தாள்.
சட்டையில் பெயர்: ஹைக்கே.
என் அடையாள அட்டையைக் காட்டினேன்.
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து
அவள் சிரித்த சிரிப்பு
சம்பளம் தாமதமானவர்கள் சிரித்துக்கொள்வது.

வண்டியில் எத்தனை பேர் என்றாள்.
டிக்கெட்டின் பின்புறம் 5000 என்று எழுதினேன்.
தப்பு என்று
ஒரு பூஜ்ஜியத்தை அடித்தாள்.
நான் திரும்பப் போட்டேன்.
அடித்தாள்.
போட்டேன்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. மொழி வேண்டியிருக்கவில்லை.
கையைத் தண்டவாளத்தின் பக்கம் கிடத்தி
புருவத்தை உயர்த்தினாள்.
பதிலையும் அவளே முதலில் சொன்னாள்:
இரண்டு விரல்.
நான் ஒரு கையை விரித்தேன்,
இன்னொரு கையை விரித்தேன்,
மேலே எண்ணாமல்
இரண்டையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
அவள் சிகரெட்டை அணைத்தாள்.
என் கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்ததாம்,
போட்டுவிட்டாள்.

அவள் வண்டி கிளம்பும்போது
கதவுக் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள்.
அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.
நான் காற்றில் இரண்டு தட்டினேன்.

திரும்பி வந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன்.
பயமா இல்லையா என்று கேட்டவர்கள்
தினம் இதே வண்டியில்
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வருகிறவர்கள்.

திவா தாண்டியாயிற்று.
மும்ப்ரா வளைவில் மட்டும்தான்
என் வண்டி முழுசாக எனக்குத் தெரியும்.
தலையை நீட்டுகிறேன்.
கதவுக்குக் கதவு கொத்தாக மனிதர்கள்,
காற்றில் சட்டைகள், ஒரு டிபன் பை,
தொங்கிக்கொண்டே போனில் சிரிக்கிற ஒருவன்.

ஐயாயிரம், ஹைக்கே.
அடிக்காதே.