அரை லிட்டர்

மாசிலாமணி ஓட்டியது தண்ணீர் லாரி.
ஒன்பதாயிரம் லிட்டர் முதுகில் தளும்ப
கீழ்ப்பாக்கத்துக்கும் கொளத்தூருக்கும்
நாளைக்கு ஆறு நடை.
அவனுக்கு நான் எழுதிக்கொடுத்தது
நாளொன்றுக்கு அரை லிட்டர்.
காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.

கத்திரி வெயிலில்
குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே
ஹோஸைப் பிடித்து நிற்பானாம்.
ஒரு ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
அது கரையும்வரை யாரோடும் பேசமாட்டானாம்.
"பேசினா சீக்கிரம் தீர்ந்துடும் மேடம்."

நான்கு வருடம். வாரம் இரண்டு டயாலிசிஸ்.
பட்டியலில் அவன் பெயர் மேலே ஏறியது
யாரோ ஏறினதால் அல்ல,
முன்னே இருந்தவர்கள் சிலர் இறங்கிப்போனதால்.

சுரங்கப்பாதைகளெல்லாம் நிறைந்த
ஓர் ஐப்பசி இரவில் ஃபோன் போனது.
ஆட்டோ எதுவும் வரவில்லை.
முழங்கால் வெள்ளத்தில்
காலி டேங்க் கடகடக்க
தன் லாரியிலேயே வந்து சேர்ந்தான்.
வாசலை அடைத்து நின்ற லாரிக்காக
வாட்ச்மேன் திட்டிக்கொண்டிருந்தபோது
அவனுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எடுக்கவும் நான்தான் போயிருந்தேன்.
இன்னொரு ஆஸ்பத்திரி. பத்தொன்பது வயது.
கத்தியை வாங்குமுன்
எல்லோரும் ஒரு நிமிடம் சும்மா நிற்போம்.
அந்த நிமிடத்தில்தான் பார்த்தேன்
நகக்கண்களில் நீலப் பெயிண்ட்.

பழைய இரண்டையும் நாங்கள் எடுப்பதில்லை.
ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள் போல
இருந்த இடத்திலேயே அவை இருக்கும்.
மூன்றாவதை வைப்பது வலது இடுப்புப் பள்ளத்தில்.
கிளாம்பை எடுத்தேன்.
ஊறிய புளியின் நிறத்தில் கிடந்தது
ஓரத்திலிருந்து சிவந்து வந்தது.
அப்புறம் காத்திருப்பு.
இருபத்திரண்டு வருடமாகியும்
இது மட்டும் எனக்குப் பழகவில்லை.
ரெபேக்காள் சிஸ்டர்
யாரும் சொல்லாமலே ரேடியோவை நிறுத்தினாள்.

குழாய் நுனியில் ஒரு சொட்டு.
பச்சைத் துணியில் நாலணா அளவு ஈரம்.

என் மாமியார் கல்யாண வீடுகளில்
"பெரிய ஆபரேஷன் டாக்டர்" என்று
என்னை அறிமுகப்படுத்துவார்.
மூத்திரத்தைக் கண்டு கண் கலங்குகிறவள் என்று
அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் சொன்னேன்: மூன்று லிட்டர் குடிக்கணும்.
டம்ளரை வாங்கி
மனைவியை ஒருமுறை பார்த்தான்,
பிடிபட்டவன் போல.

எல்லோரும் மாசிலாமணி இல்லை.
நன்றாகத்தானே இருக்கிறேன் என்று
மாத்திரையை நிறுத்திய பல்லாவரத்துப் பையன்.
ஒன்பதுக்கும் ஒன்பதுக்கும் அலாரம் வைத்து
ஒருவேளைகூடத் தவறாத ஆக்னஸ் டீச்சர்,
அப்படியும் பதினோராம் நாள்.
அவர்கள் ஃபைல்களை
மேல் அடுக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.
தேடாமலே கைக்கு வந்துவிடுகின்றன.

ஏழு வருடம் கழித்து
எங்கள் தெருவுக்கே லாரி கொண்டுவந்தான்.
வால்வைத் திறந்தவன்
ஹோஸைச் சம்பில் இறக்காமல்
ஒரு டம்ளர் அளவு ரோட்டில் விட்டான்.
வேஸ்ட் பண்றியே என்றாள் மூன்றாம் மாடி.
"இது வேற ஒருத்தர் கணக்குங்க."
பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக,
"பேர்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

சொல்லக்கூடாது என்பது விதி.
ரோட்டில் அந்த ஈரம்
என் செருப்புவரை வந்து நின்றது.

போன மாதம் கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று.
இன்று ஒன்று புள்ளி ஒன்பது.
வியாழக்கிழமை ஊசி குத்தி
ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும்.
"தண்ணி குறைக்கணுமா?" என்றான்.
"இப்போ வேண்டாம்" என்றேன்.
அந்த 'இப்போ'வை
அவன் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.
அதற்குமேல் அவன் பேசவில்லை.